கப்பல் கவர்

கண்டியில் கடல் இல்லை. இருந்தும் இருபத்தாறு வருடங்கள் கண்டியில் இருந்துகொண்டே கப்பல் கணக்கெடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு கல்யாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்கள், "டீச்சர் எந்த ஸ்கூல்ல இருந்தீங்க?" என்று கேட்பார்கள். கண்ணாடி போட்டு, குரலும் கொஞ்சம் உரத்து இருந்தால் அவள் டீச்சர்தான் என்று நம் ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லைங்க, கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களால் கண்டிக்கு என்ன கிடைக்கிறது என்று அளந்தேன் என்று சொன்னால், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபக்கம் இருப்பவரோடு பேசப் போய்விடுவார்கள்.

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய கந்தோரில் இருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்த கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி நடக்கிறது, ஆன்டி வந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்றாள். போனேன். எல்லார் மடியிலும் ஒரு டெப் கணினி இருந்தது. பயணி எந்தக் கடையில் கார்டைத் தேய்த்தாலும் விபரம் வந்து விழுமாம். அதில் ஒருத்தி எழுந்து, "அந்தக் காலத்துல கடைக்காரங்க பொய் சொன்னா என்ன ஆன்டி செஞ்சீங்க?" என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் கதையா அது? "பொய் சொல்லத்தான் செஞ்சாங்க" என்று மட்டும் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததில் இருந்து மனம் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மஹய்யாவ லயத்துப் பிள்ளை. அப்பா மாநகரசபையில் துப்புரவு வேலை செய்தார். விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததும் நேர்முகத் தேர்வில் இருப்பவர்களின் முகம் எப்படிச் சுருங்கும் என்பது எனக்குப் பதினெட்டு வயதிலேயே மனப்பாடம். எண்பத்துமூன்று இனக்கலவரம் முடிந்து ஊர் மெல்ல மூச்சுவிடத் தொடங்கிய நேரம், சுற்றுலா சம்பந்தமான ஒரு கந்தோரில் நாட்சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். வேலைக்கு வர யாரும் முண்டியடிக்கவில்லை, எனக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த சில வருடங்கள் ஹோட்டல் அறைகளை எண்ணினேன், டைப் அடித்தேன், படியெடுக்கும் ரோனியோ மெஷினைச் சுற்றினேன், மை பட்ட கையோடு பூசைக்குப் போய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். அந்த வருடங்களைப் பற்றி வேறு ஒன்றும் எழுத இல்லை.

பிறகு குணநாயகம் சேர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், புள்ளிவிபரம் படித்தவர். மெலிந்த உடம்பு, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. முதல் நாள் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, "பிலோமினா, நீர் இதில இரும்" என்றார். நான் ஆடிப்போனேன். எங்கள் வீட்டில் "நீர்" என்பது செபத்தில் ஆண்டவரை மட்டும் கூப்பிடும் சொல். அதுகூடப் பரவாயில்லை, "இரும்" என்றதை நான் இருமச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு, மரியாதையாக வாயில் கை வைத்து ஒரு தரம் இருமிக் காட்டினேன். சேர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார். "தடிமனோ? முதல்ல இரும், பிறகு கதைப்பம்." நான் மறுபடியும் இருமினேன். கதிரையைக் கையால் காட்டிய பிறகுதான், உட்காரச் சொல்கிறார் என்று விளங்கியது. அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பு நாலு லயத்துக்குக் கேட்டிருக்கும்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். காலையில் கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு சொகுசுக் கப்பல் வரும், இரவே போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் பயணிகளை பஸ்களில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவருவார்கள். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, மதியச் சாப்பாடு, பேராதனைப் பூந்தோட்டம், திரும்பவும் கொழும்பு. யுத்தகாலம் என்பதால் கப்பல் எப்போதாவதுதான் வரும். பஸ், சாப்பாடு, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் பயணிகள் கப்பலிலேயே பணம் கட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். அப்படியென்றால் கண்டி ஊருக்கு என்ன மிஞ்சுகிறது? அதைத்தான் நாங்கள் அளக்க வேண்டும். "கப்பல்காரர் கண்டிக்கு வாறது வேற, அவையின்ர காசு கண்டியில நிக்கிறது வேற. நாங்கள் நிக்கிறதைத்தான் பிடிக்க வேணும்" என்பார் சேர்.

நிற்பதற்கு இருந்தது ஒரே ஒரு மணித்தியாலம். சாப்பாட்டுக்கு முன்னால் பயணிகளைக் கடைத்தெருவில் தங்கள் பாட்டில் நடக்கவிடுவார்கள். அதற்குக் கந்தோரில் நாங்கள் வைத்த பெயர் ஊர் மணி. பித்தளை விளக்கு, மரயானை, பத்திக் துணி, வாசனைச் சாமான், நகை என்று அந்தத் தெருவில் இருந்த சின்னச் சின்னக் கடைகள் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பித்தான் மாதக்கணக்கில் கதவைத் திறந்து வைத்திருந்தன.

அளக்கும் முறையைச் சேர் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தார். முதலில் ஏழாவது ஆள் முறை. ஒவ்வொரு பஸ்ஸில் இருந்தும் ஏழாவதாக இறங்குகிறவரைத் தெரிந்தெடுத்து, பத்தடி பின்னால் நடந்து, எந்தக் கடையில் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று எழுத வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் அவரோடு பேசக்கூடாது. ஒரு தரம் எனக்குக் கிடைத்த ஏழாவது ஆள் ஒரு நெட்டையான வெள்ளைக்கார அம்மா. வாவிக்கரையில் சட்டென்று திரும்பி, கமராவை என் கையில் கொடுத்து, யானைச் சிலையோடு தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். எப்படி மறுப்பது? எடுத்துக் கொடுத்தேன். சேர் அந்தப் படிவத்தில் குறுக்காகக் கோடு போட்டு வெட்டிவிட்டார். "நீர் அவவின்ர நேரத்தில ரெண்டு நிமிசம் எடுத்திட்டீர். அந்த ரெண்டு நிமிசத்தில அவ ஒரு விளக்கு வாங்கியிருப்பா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இரண்டாவது கைப்பை முறை. பஸ்ஸில் இருந்து இறங்கும்போது கையில் எத்தனை பை, திரும்ப ஏறும்போது எத்தனை பை என்று வாசலில் நின்று எண்ணுவது. மூன்றாவது எங்கள் குடும்ப முறை. கடைத்தெருப் பக்கத்தில் இருந்த பொதுக் கழிவறையில் டிக்கட் கிழித்தது என் சின்னம்மா. வெள்ளைக்காரர்களுக்குக் கிழித்த டிக்கட் அடிகளைத் தனியாக நூலில் கட்டிவைப்பார். கண்டி நகரிலேயே பொய் கலக்காத ஒரே பதிவு அதுதான் என்று சேர் மெச்சினார். சின்னம்மா அதைப் பெரிய விருது மாதிரி எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாரையும் அதட்டினார்.

சேருக்குப் பூச்சியத்தில் முடியும் எண் ஆகாது. ஐம்பது என்று எழுதிக் கொடுத்தால் பேனையைக் கீழே வைத்துவிடுவார்.

"எண்ணினீரோ, நினைச்சீரோ?"

"எண்ணினேன் சேர்."

"ஐம்பதுதானோ?"

"நாப்பத்தொம்பது சேர்."

"ம். அப்ப எண்ணித்தான் இருக்கிறீர்."

ஓய்வூதியத்தை இனி நிறுத்தமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். அன்றைக்கு ஐம்பது பேர்தான் இறங்கினார்கள்.

கடைசி முறைதான் கடைக்காரர் படிவம். கப்பல் வந்த மறுநாள் கடை கடையாகப் போய், நேற்று கப்பல்காரருக்கு என்ன விற்றீர்கள் என்று கேட்டு எழுதுவது. அங்கேதான் எல்லாம் இடறியது. வாசலில் நான் எண்ணிய பைகளைப் பார்த்தால் தெருவே காலியாகியிருக்க வேண்டும். படிவங்களைப் பார்த்தால் வெள்ளைக்காரர் எல்லாரும் சும்மா காற்று வாங்கப் போனது மாதிரி இருந்தது. இந்தப் படிவம் வருமான வரிக்காரனிடம்தான் போகிறது என்று தெருவில் ஒரு கதை. நான் எத்தனை சத்தியம் செய்தாலும் யாரும் நம்பவில்லை. மூன்று கப்பலுக்கும் இதே கதைதான்.

நாலாவது கப்பலுக்கு முன்னால் கொழும்பில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பாதுகாப்பு நிலைமை சரியில்லாததால் ஊர் மணியை நிறுத்தி, பயணிகளை ஹோட்டலிலேயே வைத்துக்கொள்ளப் பயண முகவர்கள் கேட்கிறார்கள். கடைத்தெருவுக்கு உண்மையில் கிடைப்பது இவ்வளவு சொற்பம் என்றால் நாங்களும் மறுக்க முடியாது. வரும் கப்பலின் கணக்கைப் பார்த்து முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, வரிக்குப் பயந்து சொன்ன பொய்யே அந்தத் தெருவுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் மரயானைக் கடை ரஸீன் நானாவிடம் சொன்னேன். பக்கத்து ஊரான திகனையில் இருந்து தினம் பஸ்ஸில் வந்து கடை நடத்துகிறவர். ஆறடி அகலக் கடை, உள்ளே முழுக்க மரயானைகள். இரண்டு மகள்மார் படித்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் கடைகளுக்காவது உள்ளூர் வியாபாரம் கொஞ்சம் இருந்தது. மரயானையைக் கண்டியில் யார் வாங்குவார்கள்?

"அல்லாவே, ஊர் மணி போனா நான் கடைய பூட்டிட்டு போக வேண்டியதுதான் புள்ள" என்றார்.

"அப்ப உண்மைய எழுதுங்க நானா."

"உண்மைய எழுதினா டெக்ஸ்காரன் வந்து பூட்டுவான். எழுதாட்டி கொழும்புக்காரன் பூட்டுவான். எந்தப் பூட்டு நல்லமுன்டு நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. வந்து சேரிடம் அப்படியே ஒப்பித்தேன். சேர் குடையைக் கதிரையில் மாட்டினார். பிறகு, "கேள்வியை மாத்தேலாது. கேக்கிற விதத்தை மாத்துவம்" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் கப்பல் கவர். கடைக்காரரிடம் படிவத்தையும் ஒரு கவரையும் முதலே கொடுத்துவிடுவோம். அவரே எழுதி, அவரே ஒட்டி வைப்பார். மேலே பெயர் இல்லை, ஓர் இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் சேரின் மேசை லாச்சியில் பூட்டி இருக்கும். கந்தோருக்கு வெளியே கவரை யாரும் திறக்கமாட்டோம் என்று சேர் தெருவில் நடந்து ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று வாக்குக் கொடுத்தார். கப்பல் வந்த மறுநாள் நான் போய், "கப்பல் கவர் தாங்க" என்று வாங்கி வர வேண்டியதுதான் வேலை. இரண்டே நாளில் சிங்களக் கடைக்காரர்களும் "கப்பல் கவர்" என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

கப்பல் வந்தது, போனது. மறுநாள் காலை தோள்பையோடு தெருவில் இறங்கினேன். ரஸீன் நானா மட்டும், எழுதினது பிழையாகிவிட்டது, இன்னொரு படிவம் வேண்டும் என்றார். கொடுத்துவிட்டு, அரை மணி கழித்துத் திரும்பி வந்து அவருடைய கவரை வாங்கினேன். பதினோராம் இலக்கம். அவருடைய கை வியர்வையில் கவர் ஈரமாக இருந்தது. பதினெட்டுக் கவர் சேர்ந்த நேரம், தெருமுனையில் அந்த நாட்களில் இருந்த பொலிஸ் காவலிடத்தில் நின்ற கொன்ஸ்தாபல் என் முன்னால் வந்து நின்றார்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிரட்டிப் பறிக்கும் பணத்துக்குத் தமிழிலும் கப்பம்தான், சிங்களத்திலும் கப்பம்தான். அந்த யுத்த வருடங்களில் அதைவிடக் கெட்ட சொல் எந்தக் கடைத்தெருவிலும் கிடையாது. கப்பலுக்குச் சிங்களத்தில் நெவ என்பார்கள். தமிழ் தெரியாத அந்த மனிதரின் காதில் ஒரு தமிழ்ப் பெண் கடை கடையாக ஏறி என்ன கேட்பதாக விழுந்திருக்கும்?

"கப்பம் கவரா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமா மஹத்தயா, கப்பல் கவர்" என்றேன் நானும் சிங்களத்தில், பல்லைக் காட்டிக்கொண்டு.

"எத்தனை கடையில் வாங்கினாய்?"

"பதினெட்டு. இன்னும் பதினாலு பாக்கி."

"யார் அனுப்பியது?"

"எங்க சேர். அவருட்டதான் முழுப் பட்டியலும் இருக்கு."

இப்படிக் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் குற்றவாளியை அவர் தன் சேவைக்காலத்தில் கண்டிருக்கமாட்டார். பையை என் தோளில் இருந்து கழற்றி எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் அப்படிப் பிடிபட்டவர்கள் எல்லாரும் சாயந்தரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை.

காவலிடத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார். பெரிய உருவம், அமைதியான பேச்சு. கந்தோருக்கு ஒரு தொலைபேசி எடுக்க விட்டார். சேர் கொழும்புக்குச் சொல்லுவார், கொழும்பு பொலிசுக்குச் சொல்லும் என்று நினைத்தேன். ஏனென்றால் சேர் அந்தக் காவலிடம் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சோதனைச்சாவடியில் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்துவிட்டு அவரை பஸ்ஸில் இருந்து இறக்கி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதிலிருந்து கடைத்தெருவுக்கு வருவதென்றால் வாவியை முழுதாகச் சுற்றி மறுபக்கத்தால்தான் வருவார். நடக்கிறது உடம்புக்கு நல்லது என்று எங்களுக்குச் சொல்வார்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. குறுக்கு வழியால், குடையை விரித்துக்கொண்டு, சேர் நேரே காவலிடத்துக்கு நடந்து வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருடைய சிங்களம் வானொலிச் செய்தி மாதிரி சுத்தமாக இருக்கும். கப்பம் அல்ல, கப்பல் என்று விளக்கினார். விளங்கவில்லையோ என்று நினைத்து நான் கொன்ஸ்தாபலின் கடதாசியில் புகைபோக்கியோடு ஒரு கப்பலும் வரைந்து காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். "நெவ!" என்று சொல்லி, கொன்ஸ்தாபலை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் தன் தொப்பியைச் சரி செய்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி, கப்பல்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனால் பதினெட்டுக் கடையில் ஒட்டிய கவர் வாங்கியிருக்கிறார்கள். உள்ளே காசு இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? திறந்து காட்டுங்கள், அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்."

நியாயமான பேச்சு. நானாக இருந்தால் பல்லாலேயே கிழித்துக் காட்டியிருப்பேன். சேர் மறுத்துத் தலையை ஆட்டினார். கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கந்தோருக்கு வெளியே திறக்க முடியாது என்றார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டி அவருடைய அடையாள அட்டையைக் கேட்டார். வாசித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சேர், தொறந்திருவோம் சேர்" என்று நான் தமிழில் கெஞ்சினேன்.

"பிலோமினா, வெளியில பாரும்" என்றார் சேர் மெதுவாக.

பார்த்தேன். தெருவின் எல்லாக் கடை வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் ரஸீன் நானா, ஒரு மரயானையை அணைத்துப் பிடித்தபடி நின்றார்.

"இண்டைக்கு இதில ஒண்டைத் திறந்தாலும், இந்தத் தெருவில இனி ஒருத்தரும் எங்களுக்கு உண்மை சொல்லமாட்டினம். பிறகு ஊர் மணி போயிடும். விளங்குதோ?" என்றார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "நிறுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டார்.

எல்லாப் படிவமும் ஒரே கட்டுத் தாள், எல்லாக் கவரும் ஒரே பெட்டி. உள்ளே ஒரு தாள் மட்டும் இருந்தால் பதினெட்டும் ஒரே நிறை. ஒரு காசு நோட்டு இருந்தாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டருக்கு இது பிடித்துவிட்டது. எதிரே இருந்த நகைக்கடையில் தராசு கேட்டு ஆள் அனுப்பினார். பொலிசிடம் தராசைத் தனியே கொடுக்க மனமில்லாமல், நகைக்கடை முதலாளியே அதை மார்போடு தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் காவல் நின்றார்.

ஒரு தட்டில் என் பையில் இருந்த வெறும் படிவமும் வெறும் கவரும். மற்றத் தட்டில் ஒவ்வொரு கவராக. காற்று படாமல் சேர் குடையை விரித்து மறைப்பாக வைத்தார். "ஒன்று. சமம்" என்றார். பிறகு கொன்ஸ்தாபலைப் பார்த்து, தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவரும் எழுதத் தொடங்கினார். "இரண்டு. சமம். மூன்று. சமம்." ஐந்தாம் கவருக்கு இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து முள்ளைப் பார்த்தார். எட்டாம் கவருக்கு, "சமம்" என்று அவரே சொன்னார். எனக்குக்கூடச் சிரிப்பு வரப் பார்த்தது.

பதினோராம் கவரை வைத்ததும் தட்டு கீழே போய் இருந்துகொண்டது.

சேர் அதை எடுத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் இறங்கியது.

"இது யாருடையது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அவருடைய குரல் மாறியிருந்தது.

"பட்டியலில் இருக்கிறது. தர முடியாது" என்றார் சேர். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மாதாவே, என் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

"மஹத்தயா, அது என்ட."

ரஸீன் நானா தெருவைக் கடந்து வந்துவிட்டார். யானை இன்னும் கையில் இருந்தது. "அவர்ட்ட கேக்க வாணாம். அவர் சொல்லமாட்டார். நானே ஒடைக்கிறன்" என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார். சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சேர், என்ட கவர நான் தொறக்கலாம் தானே?" என்றதும், சேர் கவரை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

யானையை மேசையில் வைத்துவிட்டுக் கவரைக் கிழித்தார். காசு இல்லை. உள்ளே இரண்டு படிவங்கள் இருந்தன.

"ஏன் இரண்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒன்னு மெய் மஹத்தயா. ஒன்னு பொய். எத வெக்கிறன்டு விளங்கல்ல. இந்தப் புள்ள வந்து கவர் கவர்ன்டு நின்டா. ரெண்டயும் போட்டு ஒட்டிட்டன்."

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. கொன்ஸ்தாபல் சிரித்தார், நகைக்கடை முதலாளி சிரித்தார், நானும் அழுதுகொண்டே சிரித்தேன். சேர் மட்டும் சிரிக்கவில்லை. புதுக் கவர் ஒன்றை எடுத்து நானாவின் முன் வைத்தார்.

"ஒண்டை வையுங்கோ, மற்றதைக் கிழியுங்கோ. நான் பாக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இன்ஸ்பெக்டரும் எழுந்து, சேருக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அதைப் பார்த்துக் கொன்ஸ்தாபலும் திரும்பினார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ரஸீன் நானா ஒரு படிவத்தைப் பொடிப் பொடியாகக் கிழித்து, மற்றதைக் கவரில் போட்டு ஒட்டினார். பிறகு சேர் மிச்சம் ஏழு கவரையும் நிறுத்துவிட்டுத்தான் புறப்பட்டார். அவருக்குப் பாதியில் விட முடியாது. அடையாள அட்டையை இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார்.

வெளியில் வந்து நாலு கடை தாண்டியதும் சேர் நின்றுவிட்டார். "பிலோமினா, குடையை நீர் பிடியும். எனக்குக் கை நடுங்குது" என்றார். பிடித்தேன். கந்தோர் வரை குடை என் கையில்தான் இருந்தது. அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா அந்த மனிதர் அங்கே அப்படி நின்றார் என்று நினைத்தபோது, எனக்கு அவர் மேல் அதுவரை இருந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஊர் மணி தப்பியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிச்சுப் போட்டுக் கதை சொல்ல எனக்கு வராது. அறிக்கை கொழும்புக்குப் போனது, ஊர் மணி தொடரட்டும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ரஸீன் நானா கடையைப் பூட்டவில்லை. அந்தப் பதில் எப்படி வந்தது என்று விளங்க, காவலிடத்தில் நடந்ததற்கு மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும்.

கந்தோர் மாடியில் இருந்தது. நான் எட்டு மணிக்குச் சாவியோடு போனால் படிக்கட்டில் ஏற வழி இல்லை. கீழ்ப்படியில் இருந்து மேல்வரை கடைத்தெருவே வரிசையாக நின்றது. பத்திக் கடை, பித்தளைக் கடை, வாசனைச் சாமான் கடை, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சேருக்காகப் பயந்தேன். அவரோ எனக்குப் பின்னால் குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்து, "என்ன, எல்லாரும் நிக்கிறியள்?" என்று கேட்டார்.

வரிசையின் முதல் ஆள் நகைக்கடை முதலாளி. சேரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ், எனக்கு இன்னொரு ஃபோம் தாங்க" என்றார். "தராசு சரியாத்தாங்க இருக்கு. நான் எழுதுனதுதான் பிழை."